மூன்றாம் ஓலையும் நாற்பது விமானங்களும்

புதுவாயல் கூட்டுரோடு,
செவ்வாய்க்கிழமை.

மகா கனம் பொருந்திய ‘வர்த்தக முழக்கம்’ வார இதழின் ஆசிரியர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

புதுவாயல் ஆசீர்வாதம் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இவ்விடம் நான் சுகம். என் வீட்டார் சுகமா என்று எனக்குத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர்கள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் சிறப்பு நிருபரும், குறிப்பாக அந்த நிருபரும், நல்ல சரீர சுகத்தோடு இருக்க வேண்டிக்கொள்கிறேன். அவர் நன்றாக இருந்தால்தான் நான் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில் வரும்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு மில்லில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவன். தங்கள் இதழைப் பதினெட்டு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் கடையில் வாங்கி, முதல் பக்கத்துத் தலையங்கத்திலிருந்து கடைசிப் பக்கத்து டெண்டர் விளம்பரம் வரைக்கும் ஓர் எழுத்து விடாமல் படிக்கிறவன். எனக்கு ஷேர் கிடையாது, கம்பெனி கிடையாது, டெண்டர் போடுகிற யோக்கியதையும் கிடையாது. ஆனாலும் செம்பு என்ன விலை, துறைமுகத்தில் எத்தனை கப்பல் நிற்கிறது என்று தெரியாமல் எனக்கு ராத்திரி சோறு இறங்காது. இதை என் மனைவி ரோசம்மாள் வியாதி என்கிறாள். நான் பொது அறிவு என்கிறேன். அது அப்படியே இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நாலு வாரத்துக்கு முந்தைய தங்கள் இதழில், பதினோராம் பக்கத்தில், ‘பறக்கப் போகும் பார்சல்கள்: எத்தனை விமானம்?’ என்று தங்கள் சிறப்பு நிருபர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். நம் வீட்டு வாசலுக்கே சோப்பும் குக்கரும் கொண்டுவந்து கொடுக்கும் அந்த ஆன்லைன் கம்பெனி, சொந்தமாகச் சரக்கு விமானங்கள் வாங்க ஆர்டர் கொடுக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்றும், பத்து விமானம் என்று சிலரும் நாற்பது என்று சிலரும் சொல்கிறார்கள் என்றும், புதிதாக வாங்குமா அல்லது பழைய பயணிகள் விமானத்தில் சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டில் பெரிய கதவு வெட்டிச் சரக்கு ஏற்றுமா என்பது தெரியவில்லை என்றும், கம்பெனியைக் கேட்டால் பதில் இல்லை, ஆர்டருக்குப் போட்டி போடும் இரண்டு விமானக் கம்பெனிகளைக் கேட்டால் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பே ஓர் உறுதிமொழி போல இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். ஐயா, அந்தக் கடைசி வரியை நான் நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஏன் என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் ஒரே மகள் ஏஞ்சலின், அதே ஆன்லைன் கம்பெனிக்கு இங்கே ஹைவே ஓரத்தில் இருக்கும் குடோனில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறாள். அவளுக்கு நிச்சயம் செய்திருக்கும் பிள்ளை எபினேசர், அதே குடோனிலிருந்து கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். டெல்லி வரைக்கும் போவான். குடிக்க மாட்டான், ஹாரன் அதிகம் அடிக்க மாட்டான், லாரியில் ஏறுமுன் ஜெபம் செய்கிற பிள்ளை. எல்லாம் சரிதான். ஆனால் சரக்கு ஆகாயத்தில் போக ஆரம்பித்துவிட்டால் தரையில் லாரிக்கு என்ன வேலை, லாரிக்கு வேலை இல்லாவிட்டால் டிரைவருக்கு என்ன வேலை, டிரைவருக்கு வேலை இல்லாவிட்டால் என் மகளுக்கு என்ன கதி?

உணர்ச்சிவசப்பட்டு முடிவு செய்கிற ஆள் நான் இல்லை. பேப்பரும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். லாரி டெல்லிக்குப் போய்த் திரும்ப எட்டு நாள். விமானம் போய்த் திரும்ப எட்டு மணி நேரம். ஆக, லாரி ஒரு நடை அடிப்பதற்குள் விமானம் இருபத்துநாலு நடை அடித்துவிடும். ஒரு விமானம் இருபத்துநாலு லாரிக்குச் சமம் என்றால் நாற்பது விமானம் தொள்ளாயிரத்து அறுபது லாரிக்குச் சமம். எங்கள் குடோனில் மொத்தமே நூற்றிருபது லாரிதான் ஓடுகிறது. அப்படியானால் எபினேசருக்கு வேலை ஒரு முறை அல்ல, எட்டு முறை போகிறது. ஒரு முறை போனாலே தாங்காத குடும்பம் அது.

இப்படிக் கணக்குத் தெளிவாக வந்தும்கூட நான் அவசரப்படவில்லை. பேப்பரில் ஒரு தடவை வந்ததை வைத்து ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் கை வைக்கக் கூடாது, வேறு இடத்திலிருந்தும் ஊர்ஜிதம் ஆகட்டும் என்று பொறுத்திருந்தேன். பொறுத்திருந்த நாட்களில் மூன்றே மூன்று பேரிடம்தான் இதைச் சொன்னேன், அதுவும் வெளியே விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான். ஒருவர் ஜங்ஷனில் சலூன் வைத்திருக்கும் குப்புராஜ். இன்னொருவர் ஹைவேக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் பத்து ஏக்கர் நெல் பயிரிடும் வெங்கடேசன். மூன்றாமவர் எங்கள் சபைச் செயலாளர் பென்னி, ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், பொறுப்பான மனிதர்.

ஐயா, அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். பத்தாம் நாள் ஷேர் ஆட்டோவில் போகிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா என்னைப் பார்த்து, “தெரிமா பெரிவரே, குடோன்காரன் அம்பது பிளேனு வாங்கினு வர்றானாம்” என்றாள். மறுநாள் ரேஷன் கடை வரிசையில் ஆந்திர எல்லையில் இருக்கும் தடா பக்கத்திலிருந்து வந்த ஒருவர், “அம்பதா? எம்பது நைனா! டப்பு கட்டியாச்சி” என்றார். அதற்கு மறுநாள் மெடிக்கல் ஷாப்பில் நூறு என்றார்கள். விமானம் இறங்குவதற்கு வெங்கடேசன் நிலத்து வழியாகத்தான் ரன்வே வரப்போகிறது என்றும் சொன்னார்கள். எனக்கு முன்பின் தெரியாத மூன்று பேர், மூன்று தனித்தனி இடம். ஊர்ஜிதம் என்பது இதுதானே?

வீட்டில் வந்து சொன்னால் ரோசம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “யோவ், நீ உட்டதுதான்யா ஊரெல்லாம் சுத்திக்கினு உங்கிட்டயே வந்து நிக்குது. இதுல ஊர்ஜிதம் இன்னா ஊர்ஜிதம்?” என்றாள். நான் நிதானமாக அவளுக்கு விளக்கினேன். நான் சொன்னது நாற்பது. திரும்பி வந்தது நூறு. நான் விட்டதாக இருந்தால் நாற்பதாக அல்லவா திரும்பி வந்திருக்க வேண்டும்? அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். இருந்தாலும் நான் நூறை எடுத்துக்கொள்ளவில்லை. தங்கள் நிருபரின் நாற்பதோடுதான் நின்றேன். மிகைப்படுத்திப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

இதற்கிடையில் சலூன் குப்புராஜ் பெயின்டரைக் கூப்பிட்டுக் கடை போர்டில் ‘ஏர்போர்ட் ஹேர் கட்டிங்’ என்று மாற்றி எழுதிவிட்டார். வெங்கடேசன் நாற்று விட்டிருந்தவர், ரன்வே வரப்போகிற நிலத்தில் எதற்கு நடுவது என்று நடவை நிறுத்திவிட்டார். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, “இன்னா கிரேன்காரே, நடறதா வேணாமா, ஒரு வார்த்த சொல்லு, சொம்மா பேஜார் பண்ணாத” என்கிறார். நான் விமான இலாகா மந்திரி போல அவருக்குத் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு ஆள் என்னை வழிமறித்து, ரன்வே பக்கத்தில் டிபன் கடை போட்டால் ஓடுமா, பைலட்டுகள் இட்லி சாப்பிடுவார்களா என்று கேட்டார். சாப்பிடுவார்கள் என்று சொல்லி அனுப்பினேன். வேறு என்ன சொல்வது?

இனி ஞாயிற்றுக்கிழமை நடந்தது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ‘ஓலை’ வாசிப்பது வழக்கம். ஆராதனை நடுவில் ஆயர் எழுந்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, இதற்கு நியாயமான தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லலாம் என்று சபையைக் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு நிமிடம் சும்மா நிற்பார். அந்த ஒரு நிமிடத்தில் ஜனங்கள் இருமுவார்கள், பைபிள் உறையைச் சரிசெய்வார்கள், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எனக்கு நினைவு தெரிந்து எங்கள் கோயிலில் யாரும் எழுந்தது கிடையாது. முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் நானும் இருமிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாம் ஓலைக்கு, ஆயர் கேட்டு முடித்து அந்த ஒரு நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும்போது, இனி விட்டால் இந்த ஜன்மத்துக்குச் சந்தர்ப்பம் இல்லை என்று மனதில் ஏதோ அடித்தது. எழுந்துவிட்டேன், ஐயா.

பெண்ணின் தகப்பன் ஏதோ நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்து முதலில் எல்லோரும் புன்சிரிப்போடு பார்த்தார்கள். ஆயரும் தலையாட்டினார். “ஐயா, ஆட்சேபனை இருக்கிறது” என்றேன். “யாருக்கு?” என்றார். “எனக்குத்தான்.” எபினேசருடைய தாயார் தலையில் கை வைத்துக்கொண்டு, “என் புள்ள மேல இன்னா பழி போடப் போறான் இந்த மனுசன்” என்று அழ ஆரம்பித்துவிட்டார். ஆயர் கண்ணாடியைக் கழற்றி, “காரணத்தைச் சொல்லும்” என்றார். நான் தங்கள் கட்டுரையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்து, “விமானம் ஐயா” என்றேன். “எந்த விமானம்?” என்றார் அவர். “அதுதான் இன்னும் தெரியவில்லை, இரண்டு கம்பெனிக்கு நடுவில் போட்டி இருக்கிறது” என்று பதினோராம் பக்கத்தில் உள்ளபடி சொன்னேன்.

ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி அவசரமாகக் கூடிற்று. சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஏற்கெனவே மனைவி உயிரோடிருப்பது தடை. நெருங்கிய ரத்த சம்பந்தம் தடை. சம்மதம் இல்லாதது தடை. வயது பற்றாதது தடை. சரக்கு விமானம் இதில் எதன் கீழ் வரும் என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஒரு மூத்த உறுப்பினர், எதன் கீழும் வராது, இந்த ஆளை வீட்டுக்கு அனுப்புங்கள் என்றார். அந்தச் சமயத்தில்தான் பென்னி எழுந்து, “இத நான் வேற எடத்துலயும் கேள்விப்பட்டன். எங்க கம்பெனி கேன்டீன்லயே பேசிக்கிறாங்க. நூறாம்” என்று சாட்சி சொன்னார். நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, கமிட்டி அதற்குப் பிறகு என்னை வேறு மாதிரி பார்த்தது. முடிவில், வருகிற ஞாயிறுக்குள் ஆட்சேபனைக்கு எழுத்துமூலமான ஆதாரம் கொடுத்தால் பரிசீலிக்கப்படும், கொடுக்கத் தவறினால் குறித்தபடி அடுத்த வாரம் வியாழக்கிழமை கல்யாணம் என்று மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் எபினேசரே வந்தான். சண்டைக்கு வந்திருப்பான் என்று நினைத்தேன். செருப்பை வாசலில் விட்டு, கீழே உட்கார்ந்து, “மாமா, பிளேனு வந்தாலும் ஏர்போர்ட்லதான எறங்கும்? ஊட்டு மொட்ட மாடிலயா எறங்கும்? அங்கருந்து லாரிலதான மாமா எத்திக்கினு வரணும்? நெறய பிளேனு வந்தா நெறய லாரி. நீங்க இன்னாத்துக்கு பயப்படுறீங்க?” என்றான். உடனே நான், டிரைவர் இல்லாமல் ஓடும் லாரி பற்றித் தங்கள் இதழில் சென்ற வருடம் வந்த கட்டுரையை எடுத்துக் காட்டினேன். அவன் அதை வாங்கிப் படித்துவிட்டு, “நம்ம ரோட்ல மாமா?” என்று கேட்டுச் சிரித்தான். தலைக்கு மேல் நாற்பது விமானம் வரும்போது சிரிக்கிற பிள்ளையை நான் என்ன செய்வது? “போய்ட்டு வரேன் மாமா” என்று எழுந்தவன் சமையல் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். ஏஞ்சலின் வெளியே வரவில்லை. அவன் போனதும் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது. கழுவுவதற்கு அவ்வளவு பாத்திரம் எங்கள் வீட்டில் கிடையாது.

அவள் அழுது நான் பார்க்கவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புமுன் காபியைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைக்கிறாள், போகிறாள். ‘நைனா’ என்று ஒரு வார்த்தை இல்லை. பத்திரிகை கொடுத்தாயிற்று, புடவை எடுத்தாயிற்று, ஜாக்கெட்டும் தைத்து வந்துவிட்டது. அந்தப் பை அலமாரி மேலேயே இருக்கிறது, யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. என் கையாலேயே நான் என் மகளுடைய கல்யாணத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, ஐயா.

ஆகவே தங்களிடம் நான் பணிவோடு கேட்டுக்கொள்வது என்னவென்றால், தங்கள் சிறப்பு நிருபரிடம் விசாரித்து, அந்த ஆர்டர் உண்டா இல்லையா, உண்டென்றால் பத்தா நாற்பதா, புதியதா கதவு வெட்டியதா, சென்னை வழியாகப் போகுமா போகாதா என்பதைத் தங்கள் லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்திட்டு, சீல் வைத்து, சனிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்பிவைக்க வேண்டும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், ‘அப்படி ஆர்டர் எதுவும் இல்லை, வெறும் பேச்சுத்தான்’ என்று தாங்கள் எழுதினால் எனக்கு ரொம்ப உபகாரமாக இருக்கும். சபை நடுவில் எழுந்து நின்றவன் மறுபடி உட்கார ஒரு காரணம் வேண்டாமா? சும்மா உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும். தங்கள் கடிதத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்தால் மரியாதையாக இருக்கும்.

பதில் தபாலுக்கு உறையும் ஸ்டாம்பும் உள்ளே வைத்திருக்கிறேன். தங்களுக்கும் தங்கள் நிருபருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுசையும், நிருபருக்கு மட்டும் கூடுதலாக உறுதியான தகவல்களையும் அருளுவாராக. தங்கள் இல்லத்துப் பெரியவர்களுக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

தங்கள் பதினெட்டு வருட வாசகன்,
மா. ஆசீர்வாதம்.

பின்குறிப்பு (புதன்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி): மேற்படி கடிதத்தை மடித்து, ஷிப்ட் முடிந்து வந்த ஏஞ்சலினிடம், நாளைக்குப் போகிற வழியில் தபாலில் சேர்க்கும்படி நீட்டினேன். உறை இன்னும் ஒட்டவில்லை. அவள் அதை எடுத்து, நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் படித்தாள். படித்துவிட்டு, மூன்று நாளைக்குப் பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்து, “நைனா, எல்லாத்தியும் எழுதிக்கினு, கிரேன் வேல எப்டி போச்சின்றத மட்டும் உட்டுட்டியே” என்றாள்.

அது உண்மைதான், ஐயா. முப்பத்தோரு வருடம் ஓட்டினேன் என்று எழுதினேனே தவிர, முப்பத்தோராம் வருடம் என்ன ஆயிற்று என்று எழுதவில்லை. ஒரு திங்கட்கிழமை நான் ஏணி ஏறப் போகும்போது, மேலே என் கேபினுக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். கீழே ஒரு இன்ஜினியர் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தரையில் நின்றபடியே கொக்கியை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது வயது ஐம்பத்துமூன்று. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன், வெள்ளிக்கிழமை தங்கள் இதழ் வாங்கப் போனதைத் தவிர, இரண்டு வருடம் எழுந்திருக்கவில்லை. ரோசம்மாள் மறு மாதமே செருப்புக் கம்பெனியில் சேர்ந்து தையல் மெஷினில் உட்கார்ந்தாள். இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறாள். எட்டு வருடமாக இந்த வீடு அப்படித்தான் நடக்கிறது.

“அன்னிக்கி அம்மா எந்திரிச்சி இன்னா ஆட்சேபன சொன்னாங்க?” என்று கேட்டாள் ஏஞ்சலின். அப்போதுதான், ஐயா, இவ்வளவு பக்கத்தில் தங்களுக்கு எழுதாததை அவளிடம் சொன்னேன். எனக்கு விமானத்தைக் கண்டு பயம் இல்லை. எபினேசரும் ஒரு நாள் என்னைப் போலச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான், நீயும் உன் அம்மாவைப் போலக் காலை இருட்டில் பஸ் ஏறுவாய், அதுதான் என் பயம் என்றேன். அவள், “ஏறுனா ஏறிட்டுப் போறன். இப்பவே தெனமும் ஏறிக்கினுதான நைனா கீறன்?” என்றாள். சொல்லிவிட்டு அலமாரி மேலிருந்து புடவைப் பையை இறக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகையால் தங்கள் லெட்டர்பேடும் சீலும் எனக்குத் தேவையில்லை. பத்தோ நாற்பதோ, புதியதோ பழையதோ, அவர்கள் வாங்குகிறதை வாங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து ஆட்சேபனையை வாபஸ் வாங்கிக்கொண்டு, காரணம் எதுவும் காட்டாமல் உட்காரப் போகிறேன். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வராததால்தான் அனுப்புகிறேன். அடுத்த வியாழக்கிழமை கல்யாணத்துக்குத் தாங்கள் குடும்பத்தோடு வர வேண்டும். ரோசம்மாளுடைய கம்பெனி பஸ் ஆறே காலுக்கு ஜங்ஷனில் நிற்கும். இந்த எட்டு வருடத்தில் நான் ஒரு நாளும் ஸ்டாப்புக்குப் போய் நின்றதில்லை. இன்றைக்குப் போகிறேன், நேரமாகிவிட்டதால் இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.